கண்ணடிக்கும் விளக்கு

ஒரு காலத்தில் அந்தத் தையல்காரர் ஒரு பெரிய மனிதருக்குக் கோட்டு தைத்தார். பெரிய மனிதர் என்றால் பதவியில் அல்ல, சுற்றளவில். டேப்பின் ஒரு முனையை அவருடைய தொப்பையில் வைத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்க ஆரம்பித்தார் தையல்காரர். சுற்றி முடித்துத் திரும்ப முன்பக்கம் வந்து சேர்வதற்குள் அந்த மனிதர் இளைத்துப்போயிருந்தார். வேறு வழியில்லாமல் முதுகுக்கு ஒரு காலத்து அளவும் வயிற்றுக்கு இன்னொரு காலத்து அளவும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். நடந்ததுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால், "கோட்டு இன்னும் இருக்கு, ஆளுதான் இல்ல" என்பார். முகத்தில் ஒரு கோடு அசையாது.

அவர் குடியிருந்த அடுக்குமாடியில் எல்லாரும் அவரை ‘அளப்பு மாமா’ என்றே கூப்பிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் டேப்பும் கையுமாக இருந்ததால் வந்த பட்டம் என்று அவர் விளக்கம் சொல்வார். சொல்லும்போதும் முகத்தில் ஒரு கோடு அசையாது.

அசைந்தாலும் தெரியாது என்பது வேறு விஷயம். முகத்தில் பாதியை மீசை எடுத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு மேலே சாய்ப்பு இறக்கியதுபோல் அடர்ந்து தொங்கும் மீசை. தைக்கிற காலத்தில் குண்டூசிகளை உதட்டிடுக்கில் கவ்விக்கொண்டே பேசிப் பழகிவிட்டார். வேலையை விட்டு ஊசிகளெல்லாம் போன பிறகும் உதடு பிரியவில்லை. அவர் பேசும்போது மீசை மட்டும் ஆடும். வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று புது ஆட்கள் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். எப்போதோ தொலைந்த ஊசி ஒன்று அந்த மீசைக்குள்ளிருந்து கிடைத்ததாகவும், கிடைத்தபோது அதில் நூல்கூடக் கோத்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. யார் சொன்ன கதை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

அவர் மனைவியும் அதே தையல் கூடத்தில்தான் வேலை பார்த்தாள். அவளுக்குக் காஜா எடுக்கும் வேலை, அதாவது பட்டன் நுழைய ஓட்டை போட்டு அதன் விளிம்பைத் தைப்பது. வரிசையாக மெஷின்கள் ஓடும் கூடம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் ‘தீ’ என்று கத்தினாலும், ‘டீயா, எனக்கும் ஒண்ணு’ என்றுதான் பதில் வரும். அப்படிப்பட்ட இடத்தில், வாய் நிறைய ஊசியோடு, யாரையும் பார்க்காமல், இளைஞராயிருந்த தையல்காரர் ஒருநாள் முதலாளியின் தொப்பியைப் பற்றி ஒரு பொய் சொன்னார். கூடத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எதிர் வரிசைக் காஜாக்காரி மட்டும் குனிந்து குனிந்து சிரித்தாள். தையல்காரர் அன்றே தீர்மானம் செய்துவிட்டார்.

அன்றிலிருந்து இன்றுவரை, இரவுச் சாப்பாட்டோடு ஒரு கதை என்பது அந்த வீட்டில் உப்பைப்போல் தவறாத ஒன்று. ஹாலில் ஒரு மேசை. எதிரெதிரே இரண்டு நாற்காலி. அவர் ஆரம்பிப்பார். முதலில் அவளுக்குத் தோள் குலுங்கும். கதை ஏற ஏற, எதற்கும் இருக்கட்டும் என்று தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைப்பாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சும்மா இருங்க" என்பாள். அந்தச் ‘சும்மா இருங்க’வைக் கேட்ட பிறகுதான் தையல்காரர் சாப்பிடவே ஆரம்பிப்பார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு இந்த வழக்கம் இன்னும் உறுதியானதே தவிரக் குறையவில்லை.

மேசைக்கு நேர் மேலே இருந்தது அந்த விளக்கு. போனமுறை வந்தபோது மகள் மாட்டிவிட்டுப் போன எல்.இ.டி. லைட். வட்டமாக, தட்டையாக, யாரோ ஒரு வெள்ளைத் தட்டைக் கழுவி உத்தரத்தில் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் ஒழுங்காக எரிந்தது. பிறகு அதற்கு ஒரு வியாதி வந்தது. போட்டவுடன் பளிச்சென்று எரியும். சாப்பாட்டைப் பரிமாறி முடித்து, தையல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற நேரமாகப் பார்த்து மங்கும். பிறகு அணையும். எரியும். மறுபடி அணையும்.

"பாத்தியா, கண்ணடிக்குது" என்றார் தையல்காரர். "உன்னைப் பாத்தா, என்னைப் பாத்தான்னுதான் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. "அதைச் சரி பண்ணுங்களேன்" என்றாள்.

"பண்ணலாம், பண்ணலாம்."

அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். தையல்காரருக்கு அலுப்பு. விளக்கு ஒரேயடியாக அணைந்துவிடவில்லையே, சோறு வாய்க்குப் போகிற வழி தெரிகிறதே. "கதை கேக்கறதுக்கு எதுக்கும்மா வெளிச்சம்? காதுக்கு லைட்டா வேணும்?" என்று ஒருநாள் கேட்டார்.

அவள் டம்ளரை எடுத்தாள். குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. சாப்பிடும்போது, கீழே மருந்துக்கடை வைத்திருக்கிறவரின் அம்மா இறந்துபோன செய்தியைச் சொன்னார் தையல்காரர். கதையில்லை, நிஜச் செய்தி. பாவம், நல்ல மனுஷி, தூக்கத்திலேயே போய்விட்டாளாம் என்றார். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்ததோடு நிற்காமல் "சும்மா இருங்க" என்றாள்.

தையல்காரர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பளிச்சென்று விளக்கு எரிந்தபோது அவர் முகத்தை அவள் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு பாதியில் அறுந்தது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அதற்குப் பிறகு அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். சரியான இடத்திலும் இல்லை, தப்பான இடத்திலும் இல்லை. அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் பரீட்சை எழுதுகிறவள்போல் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

சரக்குத் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார் தையல்காரர். இத்தனை வருஷமாக ஒரே ஆளுக்குத் தைத்தால் எந்தத் தையலும் அலுத்துத்தான் போகும். சரி, பொய்யின் அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்று இறங்கினார். ஒரு வாடிக்கையாளர் பாக்கெட் ஆழமாக வேண்டும் என்று கேட்டதையும், தைத்துக் கொடுத்த பாக்கெட்டில் அவர் சாவியைத் தேடப் போனதையும், உள்ளே ஏற்கெனவே சாவி தேடிக்கொண்டிருந்த வேறொருவரைச் சந்தித்ததையும், இரண்டு பேரும் சிநேகிதர்களாகி வெளியே வந்ததையும் சொன்னார். இதைக் கேட்டு ஒருமுறை கட்டடத்துக் காவல்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேசைக்கு எதிரே ஒரு சலனமும் இல்லை. விளக்குத்தான் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

மகள் போன் செய்தாள். மேசையில் மினுங்கிய போனை மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களே பேசுங்க, எனக்குக் கை ஈரம்" என்று அவரிடம் நீட்டினாள்.

"ஏம்பா, அம்மாவுக்கு என் மேல கோவமா?" என்றாள் மகள். "எப்பக் கூப்பிட்டாலும் கை ஈரம், கை ஈரம்ங்கறாங்க. இவ்வளவு நேரம் தண்ணியில இருந்தா மீனே செத்துடும்."

"உன் மேல மட்டும் இல்ல. என் மேலயும்தான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். லிஸ்ட் பெருசா இருக்கு, எதுக்காகன்னு தெரியல."

யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். அவள் தன்னிடம் இதுவரை திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். அந்த விளக்கு. அதற்கு ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சமாதானத்துக்குப் போகிறவன் கூலிக்கு ஆள் வைத்தா போவான்? தானே சரிசெய்வது என்று ஏணியை இறக்கினார்.

அவள் காய்கறி வாங்கப் போயிருந்த காலை நேரம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினார். மூடியை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வந்துவிடும் என்று தெரியாமல், தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் அதன் விளிம்பு முழுக்கத் தையலைத் தேடினார். பிறகு கை பட்டு அது தானாகத் திரும்பிக் கழன்றது. உள்ளே ஒரு தகடு, அதில் வரிசையாக மஞ்சள் பட்டன்கள்போல் சின்னச் சின்ன விளக்குகள். ஓரத்தில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு வெள்ளை டப்பா. அது ஒரு பக்கம் பழுத்து, பழைய இஸ்திரித் துணி நிறத்துக்கு வந்திருந்தது. அந்த டப்பாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். போகிறபோது சும்மா போவானேன் என்று டேப்பை எடுத்து விளக்கை முழுமையாக அளந்தும்கொண்டார்.

தெருமுனை எலக்ட்ரிக் கடையில் கடைக்காரம்மா கேட்டாள். "என்ன மாமா வேணும்?"

"ஹால் லைட்டுக்கு உடம்பு சரியில்ல. சுற்றளவு நாப்பத்தாறு அங்குலம், உயரம் ரெண்டு, தோள் கிடையாது."

"அளவெல்லாம் சட்டைக்கு வச்சுக்குங்க. உள்ள ஒரு டப்பா இருந்திருக்குமே?"

எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இதுதான் போயிடுச்சு. டிரைவர்னு சொல்லுவாங்க. கரண்ட்டை அளவா உள்ள அனுப்பறது இதோட வேலை. சூடேறினா மயக்கம் போட்டு மயக்கம் போட்டு எழுந்திருக்கும்."

"டிரைவரா? அதானே பாத்தேன். சாப்பாட்டு நேரமாப் பாத்துத் தூங்கித் தூங்கி ஓட்டறாரு."

கடைக்காரம்மா கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். நல்ல சிரிப்புதான். ஆனால் வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் தையல்காரருக்கு அது எங்கேயோ இடித்தது.

"பழசுல போட்டிருக்கிற மில்லி ஆம்பியர்தான் புதுசுலயும் இருக்கணும்" என்று அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள். "கூடக் குறைய இருக்கக் கூடாது."

"வளர்ற பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி கொஞ்சம் கூடவே வச்சுக் குடேன்."

"லைட்டு வளராது மாமா. கருகிடும்."

சாப்பிட்டு முடித்த பிற்பகலில் மறுபடி ஏணி போட்டார். இந்தமுறை அவள் வீட்டில் இருந்தாள். கேட்காமலேயே வந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் வேலைக்குப் போதுமாக இருந்தது. ஏணிக்காகப் பின்னால் நகர்த்திய மேசைமேல் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் ஸ்க்ரூ, டெஸ்டர், கருப்பு டேப்பு எல்லாவற்றையும் அவர் பரப்பி வைத்திருந்தார்.

மேலே ஏறி, முகத்தை உத்தரத்துக்கு நீட்டிக்கொண்டு, "அந்த டெஸ்டரை எடு" என்றார்.

பதில் இல்லை.

"டெஸ்டர்மா."

பதில் இல்லை. சரி, கோபம் பதில்கூடச் சொல்லாத அளவுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மெயினை அணைத்தாயிற்று, விரலால் இரண்டு தடவை சுவிட்சைத் தட்டியும் பார்த்தாயிற்று, டெஸ்டர் இல்லாமலே வயரைத் திருகலாம் என்று ஆரம்பித்தார். கை வேலை செய்கிறபோது வாய் சும்மா இருப்பது அவர் ஜாதகத்தில் இல்லை. உத்தரத்து மூலையில் ஓர் எட்டுக்கால் பூச்சி இருந்தது. அதைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாததைச் சொல்ல உத்தரம் வசதியான இடம்.

"பேசலைன்னா போ. நான் பேசறேன். கதையெல்லாம் புளிச்சுப்போச்சுன்னா சொல்லிடும்மா. வேற தேடறேன். கதையே வேணாம்னாலும் சரிதான், தக்காளி விலையைப் பத்திப் பேசுவோம்." வயரை உள்ளே தள்ளினார். "இன்னைக்கு அந்தக் கடைக்காரப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு ஒண்ணுமே இல்ல. ஊரே சிரிச்சாலும் ஒண்ணுமில்ல. அன்னைக்கு அந்தக் கூடத்துல அத்தனை பேருல நீ ஒருத்தி சிரிச்சியே, அதுக்குத்தான் இத்தனை வருஷமாப் பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்." இன்னொரு வயரைத் திருகினார். "நீ சிரிக்கலைன்னா எனக்குச் சாப்பாடு இறங்கல. அவ்வளவுதான்."

எட்டுக்கால் பூச்சி ஒரு காலை அசைத்தது.

அப்போது அவர் விரலிடுக்கிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவியது. ஏணிப் படியில் பட்டுத் தெறித்துப் போய்த் தாம்பாளத்தில் விழுந்தது. வெறும் எவர்சில்வர், ‘டணார்’ என்று வீடே அதிர்ந்தது. தையல்காரரே ஏணியில் ஒரு தரம் ஆடிவிட்டார். தாம்பாளம் அவள் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அவள் திரும்பவில்லை. திடுக்கிடவில்லை. ஏணியைப் பிடித்தபடி அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தையல்காரர் மெதுவாகக் குனிந்து கீழே பார்த்தார். முகம் தெரிந்ததும் அவள் உடனே கேட்டாள்: "என்ன வேணும்?"

"டெஸ்டர்" என்றார், வழக்கம்போல் வாய்க்குள்ளேயே.

சட்டென்று திரும்பி, எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டு மறுபடி உத்தரத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு நல்ல சத்தமாக, "கீழ் வீட்டு டீச்சரம்மா என்னை ரெண்டாந்தாரமாக் கட்டிக்கிறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க" என்று அறிவித்தார்.

கீழே அமைதி.

குனிந்தார். அவள் கண்ணைப் பார்த்து, அதையே குரலே இல்லாமல், மீசையை மட்டும் ஆட்டிச் சொன்னார்.

பட்டென்று கணுக்காலில் ஓர் அடி விழுந்தது. "ஏன், அவங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்துது!" என்றாள். தோள் குலுங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் பார்க்கிற குலுங்கல்.

இந்தமுறை சிரிக்காதவர் தையல்காரர்தான். ஏணியின் மேற்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லாம் ஒவ்வொன்றாகத் தையல் பிரிந்து வந்தது. எப்போதும் ஈரமாக இருக்கிற கை. பரீட்சை எழுதுகிற முகம். விளக்கு அணைந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரரின் அம்மா. கடைசியாக, ‘காதுக்கு லைட்டா வேணும்?’ என்று தான் கேட்டதும், அவள் குடிக்காமல் வைத்த டம்ளரும். வாயில் எப்போதோ கவ்விய ஊசிகளில் ஒன்று இப்போதுதான் உள்ளே இறங்குவதுபோல் இருந்தது.

வேலையை முடித்தார். டப்பாவை உட்காரவைத்து, அதன் செருகியைத் தகட்டில் பொருத்தி, மூடியை வலப்பக்கமாகத் திருகினார். இறங்கிப் போய் மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சூடேறட்டும், மயங்குகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தார். அது மயங்கவில்லை.

பிறகு எழுந்து, கண்ணாடி முன்னால் போய் நின்றார். துணி வெட்டும் பெரிய கத்தரி கையில் இருந்தது. எந்தத் தையல்காரனுக்கும் தெரிந்த விஷயம்தான்: பட்டன் தெரியவேண்டுமென்றால் அதன்மேல் தொங்குகிற துணியை வெட்டவேண்டும். இடப்பக்கம் ஒரு வெட்டு. வலப்பக்கம் ஒரு வெட்டு. மிச்சத்தை ரேஸர் பார்த்துக்கொண்டது. கைகழுவும் தொட்டியில் விழுந்ததைக் கூட்டி அள்ளியபோது ஒரு சின்னத் தலையணை தைக்கிற அளவுக்கு இருந்தது. ஊசி எதுவும் கிடைக்கவில்லை.

இருட்டியதும் அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். புது வெளிச்சத்தில், மேசைக்கு அந்தப் பக்கம், மேலுதடு வெள்ளைவெளேரென்று, வெயிலே பார்க்காத குழந்தை மாதிரி ஒரு முகம் உட்கார்ந்திருந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? இவர் எங்க?"

தையல்காரர் ஏதோ சொன்னார்.

"என்னது?"

மறுபடி சொன்னார்.

"ஒண்ணும் புரியலையே" என்று கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். சத்தியமாக ஒன்றும் புரியவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. கடைசியில் அவர் விரலால் பேசினார். தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். உத்தரத்து விளக்கைக் காட்டினார். பிறகு கையை நீட்டி, ரொம்ப மெதுவாக, அவளுடைய காதைத் தொட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைமேல் இல்லாத ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

குழந்தைக்கு ஊட்டுகிறவள் தானும் வாயைத் திறப்பாளே, அப்படி உதட்டை அகலப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "ஏணியில. ஸ்க்ரூ விழுந்துது."

அவள் தலையாட்டினாள். "முதல்ல எல்லாரும் மெதுவாப் பேசறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் மக போன்ல பேசினா, தலகாணிக்குள்ள இருந்து பேசற மாதிரி. உங்ககிட்ட மட்டும் ஒண்ணும் தெரியல. உங்களை நான் என்னைக்குக் காதால கேட்டேன்? அந்த மெஷின் இரைச்சல்லயே முகத்தைப் பாத்துப் பழகினதுதானே. இந்த லைட்டு கெட்டப்புறம்தான் எனக்கே பயமாப் போச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கத்திப் பேசுவீங்க." மூக்கை உறிஞ்சினாள். "பொய்யைக் கத்திச் சொன்னா ருசிக்குமா? கதை சொல்றதையே விட்டுடுவீங்களோன்னு இருந்துது. எனக்கு வேற என்ன இருக்கு, இந்த ஒரு வேளைக்கு?"

தையல்காரர் மொட்டை உதட்டைத் தடவிக் காட்டி, "அதான்... உனக்கு... நல்லாத் தெரியட்டும்னு... எடுத்துட்டேன்" என்றார்.

அதைப் படித்து முடித்ததும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அட மனுஷா! நான் படிச்சதே அந்த மீசையைத்தான்! உங்க உதடு என்னைக்கு அசைஞ்சிருக்கு? ஊசியைக் கவ்விக் கவ்விச் செத்துப்போன உதடு. மீசைதான் பேசும். ஓரம் தூக்கினா பொய் வருதுன்னு அர்த்தம், நடுவுல துடிச்சா பெரிய பொய். ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

தையல்காரரின் கை மீசையைத் தேடி மேலுதட்டுக்குப் போனது. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டது அவருடைய வாய் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"வளந்துடும்" என்றார் பரிதாபமாக.

"வளரும், வளரும். அதுவரைக்கும் புது ஆள்கிட்டப் பேசற மாதிரி நான் முதல்ல இருந்து கத்துக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தது எதற்கென்று அவளே முடிவு செய்யாத மாதிரி இருந்தது.

"நாளைக்கு... காது டாக்டர்கிட்ட... போலாம்."

"போலாம். காதுக்கு மெஷினே வச்சாலும் கதை இந்த லைட்டுக்குக் கீழதான். மககிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க ஆரம்பிச்சா எனக்குத் தலையே இல்லைன்னு சொல்லி வைப்பீங்க." சாப்பாட்டைப் பரிமாறினாள். உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, முகத்தை ஏந்திக்கொண்டாள். "அது இருக்கட்டும். ஏணியில நின்னுக்கிட்டு மேல பாத்து ரொம்ப நேரம் என்னமோ பேசினீங்களே. தாடை ஆடினது பின்னால இருந்தே தெரிஞ்சுது. என்ன பேசினீங்க?"

தையல்காரருக்கு ஒரு பொய் உடனே தயாராக இருந்தது. "எட்டுக்கால் பூச்சி... ஒண்ணு... வந்து..." என்று உதட்டைப் பிரித்துப் பிரித்து ஆரம்பித்தார். மூன்றாவது வார்த்தையிலேயே நூல் அறுந்துவிட்டது. வேகமாக ஓட்டினால்தான் பொய் ஓடும். இப்படி ஒவ்வொரு தையலாகக் கையால் சக்கரத்தைச் சுற்றினால் எந்தப் பொய்யும் நகராது. மறைந்துகொள்ள மீசையும் இல்லை. தலைக்கு மேலே விளக்கு வேறு, கடைக்காரம்மா சொன்ன அளவில் ஒரு மில்லி ஆம்பியர் கூடாமல் குறையாமல், நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லை. சொன்னார்.

"நீ... சிரிக்கலைன்னா... எனக்குச் சாப்பாடு... இறங்கல."

அவள் அவர் உதட்டையே பார்த்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"புரியல."

இன்னும் மெதுவாக, இன்னும் அகலமாகச் சொன்னார். காது வரைக்கும் சிவந்துபோயிருந்தார்.

"ம்ஹூம். கடைசி வார்த்தை சரியாத் தெரியல. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுடைய தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்ததைத் தையல்காரர் கவனித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவருக்குச் சந்தேகம் வந்தது. விளக்கை நிமிர்ந்து பார்த்தார். அது கண்ணடிக்கவில்லை.

அவள்தான் அடித்தாள்.